கோல் காப்பாளருக்கு வெண்கலச் சிலை: சீமெந்து போதாதா?

கேள்வி, பெப்ரவரி 9

எங்கள் ஊர்க் கழகத்துக்கு எண்பதுகளில் கோல் காத்தவருக்கு மைதானத்தில் சிலை வைக்க, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊரவர் காசு சேர்க்கிறோம். வெண்கலம்தான் வேண்டும் என்று நாங்கள் நிற்கிறோம். ஊரில் உள்ள நிர்வாகமோ சீமெந்தில் செய்து வெண்கலப் பெயின்ற் அடித்தால் யாருக்கும் தெரியாது, மிச்சக் காசில் மைதானத்துக்கு லைற் போடலாம் என்கிறது. வன்னியில் ஊர்ச் சிலை என்றால் சீமெந்துதானே, இவருக்கு மட்டும் ஏன் வெண்கலம் என்று கேட்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெப்ரவரி 9, இரவு

லைற் போடுங்கள்.

ஊர்ப் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். முல்லைத்தீவுப் பக்கம் எண்பதுகளில் கோல் காத்து இன்றைக்கும் வாயில் அடிபடுகிற ஆள் யாரென்று எனக்குத் தெரியும், தம்பி. அவருக்கு முன்னால் பின்வரிசையில் ஆடியவன் நான். இப்போது அவர் உயிரோடு இருந்து, உனக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால், கோலுக்கு ஒரு நல்ல வலை என்றுதான் சொல்லியிருப்பார்.

பெப்ரவரி 10

நேற்று எழுதியது படுக்கப் போகிற நேரத்தில் எழுதியது. லைற் விஷயத்தில் இன்றைக்கும் அதே எண்ணம்தான். ஆனால் "பெயின்ற் அடித்தால் யாருக்கும் தெரியாது" என்ற பேச்சு பகல் முழுக்க வேலை செய்யவிடாமல் உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் சிற்பி இல்லை. வெல்டிங் வேலைக்காரன். வளைகுடாவில் ஒரு வார்ப்புப் பட்டறையில் தண்ணீர் வால்வு வார்க்கும் வேலையில் இருந்துவிட்டு ஊருக்கு வந்து கடை போட்டவன். அங்கே வார்த்ததும் வெண்கல வகைதான்: செம்பு 85, வெள்ளீயம் 5, நாகம் 5, ஈயம் 5. ஆகவே கலை பற்றி என்னிடம் கேட்காதீர்கள், உலோகம் பற்றிக் கேளுங்கள்.

சீமெந்துச் சிலைக்குள் கம்பி இருக்கிறது. கடற்கரைக்குப் பக்கத்து ஊரில் உப்புக் காற்று சீமெந்தின் நுண்ணிய வெடிப்பு வழியே கம்பியைத் தொடும். துருப்பிடித்த இரும்பு முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் சீமெந்தைப் பிளக்கும். முதலில் போவது விரல், அப்புறம் மூக்கு, அப்புறம் கை. நிர்வாகம் ஆண்டுதோறும் பெயின்ற் அடிக்க அடிக்க முகம் தடித்துக்கொண்டே போகும். கொஞ்சக் காலத்தில் கோல் காப்பாளர் யாரோ ஒரு மாகாண சபை உறுப்பினர் மாதிரி ஆகிவிடுவார்.

நிமிர்ந்து, இரண்டு காலையும் ஊன்றி, கையை உடம்போடு ஒட்டி நிற்கிற ஆளைச் சீமெந்து தாங்கும். வவுனியாவில் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் நிற்பது போல நிற்கிறவருக்கு எந்தப் பொருளும் சரி. பிரச்சினை, எங்கள் ஆள் நிற்கிறவர் இல்லை. அவர் பாய்கிறவர். நீட்டிய கையோடு, நிலத்தை விட்டு எழும்பிய உடம்பைக் கல்லில் செய்தால் அடியில் ஒரு மரக்குற்றி முட்டுக் கொடுக்க வேண்டும். சீமெந்தில் செய்தால் மணிக்கட்டு பனங்கிழங்குப் பருமனுக்கு வரவேண்டும். வெண்கலம் இழுவையைத் தாங்குகிற உலோகம். உள்ளே வெறுமையாக, மெல்லிய தோலாக வார்க்கலாம். அதனால்தான் ஓடுகிறவரையும் பாய்கிறவரையும் உலகமெங்கும் வெண்கலத்தில் செய்கிறார்கள். விலை உயர்ந்தது என்பதற்காக இல்லை.

மொஸ்கோவில் டைனமோ அரங்கில் லெவ் யாஷினுக்கு இருக்கிற சிலையைத் தேடிப் பாருங்கள். கோல் மூலையை நோக்கி உடம்பை எறிந்து பந்தைத் தொடுகிறார். சிக்காகோவில் மைக்கல் ஜோர்டானுக்கு 1994இல் வைத்ததில் ஆள் அந்தரத்தில் பறக்கிறார், கீழே இருக்கிற உருவங்களோடு காலருகே மட்டும்தான் தொடுப்பு. சீமெந்தில் அதை முயன்றால் திறப்பு விழா மாலையின் பாரத்துக்கே விழுந்துவிடும்.

பெப்ரவரி 10, பின்னேரம்

"வெண்கலம் என்றால் கோடிக்கணக்கில் போகுமே" என்று ஒருவர் பயப்படுகிறார். கணக்குப் போடுவோம்.

வளர்ந்த மனிதனின் தோலை விரித்தால் ஏறக்குறைய 1.9 சதுர மீற்றர். அதை 5 மில்லிமீற்றர் தடிப்பில் வார்த்தால் ஒன்பதரை லீற்றர் உலோகம். வெண்கலம் லீற்றருக்கு 8.8 கிலோ. ஆக, 84 கிலோவுக்குக் கிட்ட. உடுப்பு மடிப்பு, பந்து, உள் இணைப்பு எல்லாம் சேர்த்து நூறு, நூற்றிருபது என்று வையுங்கள். முழுக்கத் திடமாக வார்த்தால் அதே ஆள் 600 கிலோவைத் தாண்டுவார். அதை யாரும் செய்யமாட்டார்கள்.

செம்பு 2024 மே மாதம் உலகச் சந்தையில் தொன்னுக்கு 10,000 டொலரைத் தாண்டியது. அந்த விலைக்கே பார்த்தாலும் நூறு கிலோ ஆயிரம் டொலர்தான். உலோகத்தில் காசு போகாது. களிமண்ணில் ஆளைப் பிடிக்கிற சிற்பியின் கைக்கும், அச்செடுப்பு, மெழுகு, வார்ப்பு, பொருத்து, உளிவேலைக்கும்தான் போகும். யாராவது "வெண்கலம் விலை ஏறிவிட்டது, இன்னும் காசு வேண்டும்" என்று வந்தால் இந்தக் கணக்கை நீட்டுங்கள்.

பெப்ரவரி 12

நிர்வாகத் தம்பி ஒருவர்: "அண்ணை, வெண்கலம் வைத்தால் இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே தண்ணீர் மோட்டர் வயரே மிஞ்சுவதில்லை."

நியாயமான பயம். சண்டை முடிந்த பிறகு இந்தப் பக்கத்தில் பழைய இரும்பு, செம்பு, பித்தளை எல்லாம் எப்படிப் போனது என்று பார்த்தவர்கள் நாங்கள். இங்கிலாந்தில் ஹென்றி மூர் என்ற பெரிய சிற்பியின் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட வெண்கலச் சிற்பத்தை 2005இல் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன் மதிப்பு முப்பது இலட்சம் பவுண். பழைய உலோகமாக உருக்கி விற்றதில் ஆயிரத்தைந்நூறு பவுண் அளவுதான் கிடைத்திருக்கும் என்று பொலிஸ் சொன்னது. கள்ளனுக்குக் கலை தெரியாது, கிலோதான் தெரியும்.

ஆகவே சிலையை ரோட்டோரத்தில் வைக்காதீர்கள். மைதானத்துக்கு உள்ளே, வீடுகள் பார்க்கிற பக்கமாக வையுங்கள். அந்த லைற்றையும் போடுங்கள், சிலைக்கும் வெளிச்சம், பொடியளுக்கும் வெளிச்சம். இரண்டில் ஒன்று என்ற சண்டையே தேவையில்லை. மேலே போட்ட கணக்கைப் பார்த்தால், உருவத்தை ஆள் அளவுக்கு மேலே பெருக்காமல் விட்டாலே ஒரு பகுதி மிஞ்சும். பத்தடிச் சிலை கேட்கிறவர்கள்தான் லைற்றைத் தின்கிறவர்கள்.

பெப்ரவரி 13

கட்டாக்காலி மாடு வந்து முதுகு உரசாதா என்று கேட்டவருக்கு: உரசும். நல்லது. உரசிய இடம் மினுங்கும். யானை உரசினால் மட்டும் எனக்கு அறிவியுங்கள், அடித்தளத்தை வேறு மாதிரிப் போட வேண்டிவரும்.

பெப்ரவரி 16

இவ்வளவு நாளும் நாங்கள் உலோகத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறோம். முகத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவருடைய போட்டோ யாரிடம் இருக்கிறது?

என்னிடம் இல்லை. கழகத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த அணிப் படங்கள், கேடயங்கள், கிண்ணங்கள், ஒன்றும் இல்லை. இடம்பெயரும்போது கிண்ணங்களில் கொஞ்சத்தைச் சாக்கில் கட்டித் தாட்டோம். எங்கே தாட்டோம் என்று சொல்லக்கூடியவர்களில் இன்றைக்கு இருப்பவர்கள் ஆளுக்கொரு மரத்தைக் காட்டுகிறார்கள், அந்த மரங்களும் இல்லை. திருகோணமலையில் 1950இல் கிணறு வெட்டும்போது கோணேசர் கோயிலின் வெண்கலத் திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்த காலத்தில் தாட்டவை என்று சொல்வார்கள். வெண்கலம் முந்நூறு வருடம் மண்ணுக்குள் கிடந்தும் முகத்தோடு எழும்பி வரும். எங்கள் கிண்ணங்கள் தகரத்துக்கு முலாம் பூசியவை, அவற்றை நம்ப முடியாது. கடதாசிப் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முகம் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ரொனால்டோவே சாட்சி. 2017இல் மதெய்ரா விமான நிலையத்தில் அவருக்கு ஒரு வெண்கல மார்பளவுச் சிலை திறந்தார்கள். ஆள் உயிரோடு பக்கத்தில் நிற்கிறார், உலகம் முழுக்க அவர் படம் கிடக்கிறது, அப்படியும் அந்த முகத்தைப் பார்த்து உலகமே சிரித்தது. அடுத்த வருடம் மாற்றிவிட்டார்கள். ஒரு படமும் இல்லாத எங்கள் ஆளை எந்தச் சிற்பி என்ன செய்யப் போகிறார்?

கனடாத் தம்பி, காசு சேர்க்கிற பட்டியலோடு சேர்த்துப் படம் சேர்க்கிற பட்டியலும் போடுங்கள். கலியாண அல்பங்களில் பின்வரிசையில் நின்றிருப்பார். கழுத்தை நீட்டுகிற பழக்கம் உள்ளவர், கண்டுபிடிப்பது கஷ்டமில்லை.

பெப்ரவரி 17

"முதலில் எதிர்வீரசிங்கத்துக்கு வையுங்கள், அப்புறம் ஊர் கோல் காப்பாளருக்கு வைக்கலாம்" என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வந்திருக்கிறார். ஐயா, வையுங்கள், யார் மறித்தது? பெரியவிளானில் பிறந்து, யாழ். மத்திய கல்லூரியில் படித்து, 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்குகளுக்குப் போய், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் கொண்டுவந்தவர். 1962 ஜகார்த்தாவில் வெள்ளி. 2024இல் காலமானார். அவருக்கு வெண்கலம் என்றால் நானும் காசு தருவேன்.

ஒரேயொரு எச்சரிக்கை. இப்போதைய சிற்பிகளிடம் உயரம் பாய்கிறவர் என்று சொன்னால் முதுகைக் குறுக்குக்கம்பத்துக்குக் காட்டி, தலை முதலில் போகிற மாதிரிச் செய்து தந்துவிடுவார்கள். அந்த முறையை டிக் பொஸ்பரி உலகத்துக்குக் காட்டியது 1968 மெக்சிக்கோவில். 1958இல் மணலிலும் மரத்தூளிலும் விழுந்தவர்கள் முதுகால் போயிருந்தால் கழுத்து முறிந்திருக்கும். விளையாட்டுச் சிலையில் முகத்தைவிடப் பெரிய பிழை இப்படித்தான் வரும். அந்தக் காலத்து ஆட்டம் தெரியாத கை, இந்தக் காலத்து ஆட்டத்தை அவர் உடம்பில் ஏற்றிவிடும்.

எங்கள் ஆளுக்கும் இது பொருந்தும். கையுறை போட்டுவிடாதீர்கள். அவர் ஒருநாளும் போட்டதில்லை.

பெப்ரவரி 17, இரவு

காலணி பற்றி. வெறுங்கால். இதில் பேச்சே இல்லை. "வெறுங்காலோடு வைத்தால் எங்களை வறியவர்களாகக் காட்டுகிற மாதிரி இருக்கும்" என்கிறார் லண்டன் அண்ணை. 1948 ஒலிம்பிக்கில் அதே லண்டனில் இந்திய அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு பிரான்சுக்கு எதிராக இறங்கி 2-1 என்றுதான் தோற்றார்கள். அவர்களை யாரும் வறியவர்கள் என்று நினைவு வைத்திருக்கவில்லை. அப்புறம், எங்கள் மணலில் காலணி போட்டுப் பாய்ந்து பாருங்கள், அண்ணை. பெருவிரல் மணலைப் பிடிக்காவிட்டால் ஆள் எழும்பமாட்டார்.

பெப்ரவரி 18

செத்தவர்களுக்குத்தான் சிலையா, உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கிடையாதா என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். எழுபது வயதைத் தாண்டி 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேக நடையிலும் தங்கம், 800 மீற்றரில் வெண்கலம். அவருக்குச் சிலை செய்ய அளவெடுக்கப் போனால் அளவெடுக்கிறவர் பின்னால் ஓட வேண்டிவரும். ஓடிக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சப்பாத்து, பயணச் செலவு, பயிற்சித் திடல். சிலைக்கு அவசரம் இல்லை.

பெப்ரவரி 22

இன்றைக்கு வந்து விழுந்ததுதான் பெரிய குண்டு.

எங்கள் அணியில் வலப்பக்க முன்வரிசையில் ஆடியவர், இப்போது ஜேர்மனியில். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எழுதியிருப்பது இதுதான்: "எல்லோரும் அந்த இறுதியாட்டத் தண்ட உதையைப் பற்றித்தானே கதைக்கிறீர்கள்? இடப்பக்கம் பாய்ந்து பிடித்தார் என்று சிலர், வலப்பக்கம் என்று சிலர். அவர் பாயவே இல்லை. அசையாமல் நின்றார். அடித்தவன் நேராக நெஞ்சுக்கு அடித்தான். அவர் அணைத்துக்கொண்டார், அவ்வளவுதான்."

பெப்ரவரி 22, இரவு

அவர் சொல்வது உண்மை. நான் தண்டப் பெட்டி ஓரத்தில் நின்றேன். அவர் பாயவில்லை.

கதை எப்படி மாறியது என்றும் சொல்கிறேன். அன்றைக்கு மைதானத்தைச் சுற்றி நின்ற சனத்தில் கோலுக்கு நேரே பார்க்கக்கூடிய இடத்தில் நின்றவர்கள் கொஞ்சம். மற்றவர்களுக்குத் தெரிந்தது உதை, அப்புறம் புழுதி, அப்புறம் பந்தோடு தரையில் கிடக்கிற ஆள். பந்தை நெஞ்சில் வாங்கிய வேகத்தில் முன்னுக்கு விழுந்தார். விழுந்த ஆளைப் பார்த்தவர்கள் பாய்ந்தார் என்று சேர்த்துக்கொண்டார்கள். இரவு கழகத்தில் சொன்னபோது பாய்ச்சல் ஒரு முழம். அடுத்த பொங்கலுக்கு வற்றாப்பளைக்குப் போன இடத்தில் கேட்டபோது கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் போய்விட்டது. அவரே அதைத் திருத்தவில்லை. சிரிப்பார், எழும்பிப் போய்விடுவார்.

இன்னொன்றும் இருக்கிறது. அடிக்கிற காலை மட்டும் பார்த்துக்கொண்டு, பெருவிரல் நுனியில் பாரத்தை வைத்து, இரண்டு பக்கமும் போகத் தயாராக நின்றுகொண்டு, ஒரு பக்கமும் போகாமல் இருப்பதுதான் அந்த வேலையில் மிகக் கஷ்டம். ஆனால் அது கதையாக வராது.

பெப்ரவரி 23

"அப்போ நின்ற மாதிரிச் செய்தால் சீமெந்து போதும்தானே" என்று நிர்வாகத் தம்பி உடனே ஓடி வந்திருக்கிறார். விடமாட்டார்.

போதாது. பெருவிரல் நுனியில் நிற்கிற மனிதனின் கணுக்கால் சீமெந்தில் வராது.

அது ஒருபக்கம் இருக்க, இரவு முழுக்க யோசித்தேன். எந்த நிலையைச் செய்வது? ஜேர்மனிக்காரர் நின்ற நிலையைச் செய்யச் சொல்கிறார், அதுதான் நடந்தது என்கிறார். எனக்கு அதில் சம்மதமில்லை. சிலை ஒரு உதைக்கு வைப்பதில்லை, ஒரு ஆளுக்கு வைக்கிறோம். அந்த ஒரு உதைக்கு அவர் நின்றார் என்பது சரி, ஆனால் பின்வரிசையில் நான் விட்ட பந்துகளுக்கெல்லாம் பாய்ந்தவர் அவர்தான். என் முதுகுக்குப் பின்னால் மணலில் உடம்பு விழுகிற சத்தம் கேட்கும், திரும்பிப் பார்த்தால் பந்து கையில். சில நேரம் திரும்பிப் பார்க்கவும் மாட்டேன். என் சாட்சி அதற்குத்தான். அடிக்கல்லில் மட்டும் அந்த இறுதியாட்டத்தைப் பற்றி ஒன்றும் எழுதாதீர்கள். பாய்கிற உருவமும் கீழே அந்த ஆட்டத்தின் பெயரும் சேர்ந்தால்தான் பொய்.

எந்தப் பக்கம் பாய்வது? இடப்பக்கம். அவருக்கு வலக்கை பந்தைத் தட்டும், இடக்கை பிடிக்கும். பிடிக்கிற பந்துக்குத்தான் முழு நீளத்துக்கும் போவார்.

பெப்ரவரி 23, பின்னேரம்

பாய்கிற உருவத்துக்கு உள்கட்டு. காலில் மட்டும் ஊன்றி, நூறு கிலோவின் பாரமையம் ஒரு மீற்றர் வெளியே தள்ளி நிற்கும். அதோடு பின்னேரம் மூன்று பொடியள் ஏறித் தொங்குவார்கள். தொங்கக்கூடாது என்று பலகை வைத்தால் ஐந்து பேர் தொங்குவார்கள்.

ஆகவே யாஷின் சிலையின் யோசனையை எடுங்கள். கோல் கம்பம் ஒன்றையும் நிறுத்துங்கள். பந்தும் கையும் அந்தக் கம்பத்தைத் தொடட்டும். ஒரு நுனியில் கால், மறு நுனியில் கம்பம். இரண்டு பக்கமும் தாங்கல் வந்துவிட்டது, அந்தரப் பாரம் போய்விட்டது. பார்க்கிறவருக்குப் பறக்கிற மாதிரித்தான் இருக்கும். உயரம் வேண்டாம், பாய்ச்சல் இடுப்பளவில் இருக்கட்டும். சின்னப் பிள்ளை நடந்து வந்து அந்தக் கையைத் தொட முடிய வேண்டும்.

கம்பத்தை இரும்பில் போடாதீர்கள். அப்போது எங்கள் கோல் கம்பம் வீரை மரம்.

மார்ச் 2

அனுமதி அலைச்சல் தொடங்கிவிட்டதாம். ஒரு அலுவலகத்தில் கேட்டார்களாம்: "இவர் எந்த அமைப்பு?" கோல் காப்பாளர் என்று சொல்ல, "அதற்கு முன்னால்?" என்று கேட்டார்களாம். அதற்கு முன்னாலும் கோல்தான் காத்தார்.

சிரித்தாலும் எனக்கு அந்தக் கேள்வி புரிகிறது. இந்த மண்ணில் பெரிதாக நிற்பவை என்ன? கிளிநொச்சியில் சன்னம் துளைத்த கொங்கிறீற் கட்டி, மேலே தாமரை. புதுக்குடியிருப்புப் பக்கம் துவக்கோடு படைவீரன். மறுபக்கத்தில் உடைக்கப்பட்ட கல்லறைகள், எழும்பாத நினைவுக்கற்கள். நினைவுச்சின்னம் என்றாலே யார் வென்றது, யார் செத்தது என்ற கேள்வி வந்து நிற்கிறது. பந்து பிடித்த ஒருவனுக்குச் சிலை கேட்டால் அதிகாரிக்கு மட்டும் இல்லை, எங்கள் ஆட்களுக்கும் ஒரு கணம் விளங்குவதில்லை.

கற்சிலைமடுவில் பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க்கின் வெற்றிக்கு நட்ட கல்லை நினைத்துப் பாருங்கள். 1803 ஒக்ரோபர் 31இல் அவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் வெட்டி வைத்தார்கள். இருநூறு வருடத்துக்குப் பிறகு அந்த இடத்துக்குப் போகிற சனம் யாருக்காகப் போனது? வென்றவன் பெயரை அந்தப் பக்கத்தில் பிள்ளைக்கு யாரும் வைக்கவில்லை.

சரி, கல்வெட்டு என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். திறந்து வைத்தவரின் பெயர் கோல் காத்தவரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் வந்தால் நான் உளியோடு வருவேன். காசு கொடுத்தவர்கள் பட்டியலைக் கழகக் கட்டடத்துச் சுவரில் போடுங்கள். சிலைக்குக் கீழே பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, "கோல் காப்பாளர்". மூன்று மொழியிலும் போடச் சொன்னால் போடுங்கள், நல்லதுதான்.

மார்ச் 9

சுவாமிமலையில் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கொடுக்கலாம், ஆனால் என்ன கேட்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அங்கே சுவாமி சிலையை மெழுகில் செய்து, காவிரி வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி ஓடவிட்டுத் திடமாக வார்ப்பது வழக்கம். ஒரு மெழுகு, ஒரு சிலை, அச்சு உடைந்துவிடும். தாளம் என்கிற உடலளவுக் கணக்கும் முகலட்சணமும் சாத்திரப்படி. எங்களுக்கு வேண்டியது உள்ளே வெறுமையான ஆள். சாத்திர முகம் வேண்டாம், கழுத்து நீண்ட, மூக்கு ஒருபக்கம் சாய்ந்த முகம் வேண்டும். உருவச்சிலை பழகிய சிற்பி களிமண்ணில் செய்து, அதிலிருந்து அச்செடுத்து, துண்டு துண்டாக வார்த்து, பிறகு ஒட்டுகிற பட்டறையாகப் பாருங்கள்.

களிமண் கட்டத்தில்தான் ஊர் போய்ப் பார்க்க வேண்டும். மெழுகுக்குப் பிறகு திருத்தம் காசு, வார்த்த பிறகு திருத்தம் சண்டை. வீடியோவில் பார்த்துச் சரி சொல்லாதீர்கள், நேரில் இரண்டு மூன்று பேர் போங்கள். அவரோடு ஆடியவர் ஒருவர், வீட்டுக்காரர் ஒருவர் கட்டாயம். நிர்வாகத் தலைவர் வந்தால் வரட்டும்.

படம் ஒன்று கிடைத்திருக்கிறதாம்! நோர்வேயில் ஒருவரின் பெட்டிக்குள் இருந்து. அணிப் படம்தான், அவர் நடுவில், முகத்தில் பாதியைக் கிண்ணம் மறைத்திருக்கிறது. கிண்ணத்தைத் தூக்கிப் பிடி என்று போட்டோக்காரர் சொன்னதும் இவர் மூக்குவரை தூக்கியதும் எனக்கு நினைவிருக்கிறது. கண்ணும் நெற்றியும் காதும் தெளிவாக இருக்கின்றன. மிச்சத்துக்கு மகளின் மகனைப் பாருங்கள். தாடை அப்படியே பாட்டனுடையது. உடம்புக்கும் அவனையே பாயவிட்டுப் படமெடுக்கலாம். கையை மட்டும் அவனிடமிருந்து எடுக்காதீர்கள், படிக்கிற பிள்ளையின் கை அது. வலையும் இழுத்தவர் அவர். கைக்கு ஊரில் இப்போதும் கரைவலை இழுக்கிற யாரையாவது பாருங்கள்.

இடக்கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருக்க வேண்டும். பயிற்சியில் முறிந்து, ஒட்டகப்புலம் பரியாரியிடம் கட்டுப்போட்டும் அப்படியே பொருந்திய விரல். சிற்பி அதை நேராக்கித் தந்தால் வாங்காதீர்கள்.

மார்ச் 15

நிர்வாகத் தம்பி வெண்கலத்துக்குச் சம்மதம். லைற் நான்கு கம்பம் முதலில், சிலை அதற்குப் பிறகு என்று எழுத்தில் கேட்டாராம். கொடுத்துவிட்டார்களாம். கெட்டிக்காரன்.

மிச்சம் என் தொழில். அடித்தளத்துக்கு உள்ளே போகிற குழாயும் போல்ட்டும் 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதாரண இரும்பு வெண்கலத்தைத் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால் இரும்புதான் முதலில் கரையும், மேலே சிலை அழகாக இருக்க அடியில் ஒன்றும் இருக்காது. உப்புக் காற்றில் வெளிர்பச்சைப் பொடி கிளம்பினால் உடனே சொல்லுங்கள், அது சும்மா களிம்பு இல்லை, உலோகத்தைத் தின்கிற வகை. நிறம் ஏற்றிய பிறகு மெழுகு பூசித் தரச் சொல்லுங்கள். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, மெழுகு. பிறாசோ போட்டு மினுக்கப் புறப்படுகிற ஆர்வக்காரர் யாராவது ஊரில் இருப்பார், அவரை முதலே பிடித்து வையுங்கள்.

உருவத்தின் ஆகத் தாழ்ந்த இடத்தில், வயிற்றுப் பக்கம், ஒரு துளை விடச் சொல்லுங்கள். ஒட்டு வழியாக உள்ளே போகிற மழைத்தண்ணீர் வெளியே வர வேண்டும். பட்டறையில் மறப்பார்கள். மறந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், நான் துளைத்துத் தருகிறேன். 8 மில்லிமீற்றர் போதும்.